சீன மரபு மருத்துவமும் குத்தூசியும்: இலங்கை, திருகோணமலை வட்டாரம்

நாடி பார்த்தல், மூலிகைக் கூட்டு மருந்து, குத்தூசி எனப்படும் அக்குபஞ்சர், உலர்ந்த இலையைக் கொளுத்திச் சூடு காட்டுதல், பிடித்துவிடுதல், பத்தியம், மூச்சுப் பயிற்சி ஆகிய எல்லாம் சேர்ந்ததே சீன மரபு மருத்துவம். இலங்கையில் அதன் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஊசிதான். களுபோவில வைத்தியசாலையில் ஊசி போட்டு மூட்டுவலி குறைந்ததாகச் சொல்லும் முதியவர்கள் கொழும்பில் மட்டுமல்ல, கிழக்கிலும் இருந்தார்கள். ஆனால் திரியாய் போன்ற ஓர் உலர்வலயக் கரையோர ஊரை மனத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தால், சீனத்திலிருந்து வந்தவற்றுள் ஐயத்துக்கு இடமின்றிப் பலன் தந்தது ஊசியன்று. காய்ச்சலுக்கான ஒரு மாத்திரை. இக்கட்டுரை ஊசி, மாத்திரை இரண்டையும் பேசுகிறது. அவற்றோடு வந்த நச்சு மூலிகை, கடல் வணிகம், சட்டம் ஆகியவற்றையும் தொட்டுச் செல்கிறது.

திரியாயும் பழைய கடல்வழியும்

திருகோணமலை நகருக்கு வடக்கே புல்மோட்டை வீதியில் 40 கி.மீ.க்கு மேல் போனால், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது திரியாய். குச்சவெளிப் பிரதேச செயலர் பிரிவைச் சேர்ந்த பழைய தமிழ்க் கிராமம்; வயல், குளம், களப்பு, காடு எல்லாம் அருகருகே. 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு ஊர் காலியானது. மக்கள் திரும்பி வந்து குடியேறியது 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஊரை அடுத்த குன்றைத் தமிழர் கந்தசாமிமலை என்பர். சிங்களவர் கிரிகண்டு சேய என்பர். குன்றின்மேல் கல்தூண்கள் சூழ்ந்த வட்டவடிவத் தாதுகோபம் ஒன்றின் எச்சம் நிற்கிறது.

அங்குள்ள பாறைக் கல்வெட்டு சமற்கிருத மொழியில், பல்லவக் கிரந்தத்தை ஒத்த எழுத்தில் வெட்டப்பட்டது. காலம் ஏறத்தாழ கி.பி. 8ஆம் நூற்றாண்டு. திரபுசகர், வல்லிகர் என்ற பெயருடைய, கடலோட்டத்தில் கைதேர்ந்த வணிகக் கூட்டத்தாரை அது சொல்கிறது. அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிறீயையும் போற்றுகிறது. மகாயான பௌத்தம் அப்போது இந்தக் கரைக்கும் சீனத்துக்கும் பொதுவான ஒன்று. அதே நூற்றாண்டில் அமோகவச்சிரர் என்ற துறவி 741இல் சீனத்திலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, 746இல் நூல்களோடு திரும்பினார். அதற்கு முன்பே 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் அனுராதபுரத்தில் இரண்டு ஆண்டு தங்கியிருந்தார்.

இந்தப் போக்குவரத்தில் மருத்துவமும் பயணம் செய்தது. ஆனால் ஊசி போன திசை பலரும் நினைப்பதற்கு எதிரானது. கண்புரையை ஊசியால் தள்ளி ஒதுக்கிப் பார்வை தரும் முறை சுசுருத சங்கிதையில் விரிவாக உள்ளது. அது பௌத்தத் துறவிகள் வழியாகச் சீனம் சென்றது. 752இல் வாங் தாவ் தொகுத்த பெருநூல் அதைப் பொன்னூசி வைத்தியம் என்று இந்தியத் தொடர்போடு பதிவு செய்கிறது. புத்தர் காலத்து வைத்தியர் சீவகரைப் பற்றிய கதையின் சீன வடிவத்தில், குழந்தை கையில் குத்தூசியும் மருந்துப் பையுமாகப் பிறக்கிறது. இந்திய வடிவங்களில் அப்படி எதுவும் இல்லை. பொன்னூசி முறை சீனத்தில் நெடுங்காலம் நீடித்தது. 1975இல் மா சே துங்கின் கண்புரையை நீக்கிய தாங் யௌச்சி கையாண்டதும் அதன் திருத்திய வடிவமே.

போதிதருமர் காஞ்சியிலிருந்து மருத்துவத்தைச் சீனத்துக்குக் கொண்டுபோனார் என்ற நம்பிக்கை 2011இல் வெளிவந்த ‘7ஆம் அறிவு’ திரைப்படத்துக்குப் பின் தமிழரிடையே பரவலானது. அவர் தென்னிந்தியர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது, பாரசீகர் என்று இன்னொன்று சொல்கிறது. மருத்துவம் கற்பித்தார் என்பதற்கு அக்காலச் சான்று இல்லை. கண்ணூசிக்கோ எழுத்துச் சான்று இருக்கிறது. பெருமை பேச வேண்டுமானால் அதைப் பேசலாம்.

பழமையும் புதுக்கட்டுமானமும்

குத்தூசி ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று விளம்பரப் பலகைகள் சொல்வதை அப்படியே கொள்ள முடியாது. மாவாங்துய் என்னும் இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை 1973இல் அகழப்பட்டபோது, பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. உடலில் ஓடும் 11 தடங்களை அவை விவரிக்கின்றன; சூடு வைப்பதைச் சொல்கின்றன; ஊசியைச் சொல்லவில்லை. ஊசி முறை விரிவாக வருவது அதையடுத்த காலத்தில் தொகுக்கப்பட்ட ‘மஞ்சள் பேரரசரின் உள்நூல்’ என்ற தொகுப்பில்தான். பின்னர் தடங்கள் 12 ஆயின. நடுக்கோட்டில் ஓடும் இரண்டையும் சேர்த்து 14 ஆக எண்ணப்பட்டன. அவற்றின்மேல் இன்று 361 புள்ளிகள் குறிக்கப்படுகின்றன. சீன, ஜப்பானிய, கொரிய வல்லுநர்கள் புள்ளியின் இடம்பற்றி ஒத்துப்போகாமல் நெடுநாள் இழுபட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் அலுவலகம் வழியாக ஒரு பொது வரையறைக்கு வந்தது 2008இல்.

சீனத்திலேயே ஊசிக்கு இறங்குமுகம் இருந்தது. 1822இல் தாவ்குவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தில் அதைக் கற்பிப்பதை நிறுத்தினார். 1929இல் தேசியவாத அரசின் காலத்தில் பழைய மருத்துவம் முழுவதையுமே ஒழிக்கும் தீர்மானம் எழுந்தது. வைத்தியர்களின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1930களில் செங் தன்ஆன் என்பவர் தடித்த ஊசியையும் இரத்தம் வடித்தலையும் விட்டு மெல்லிய ஊசிக்கு மாறினார். புள்ளிகளை நரம்பு, இரத்தக்குழாய் அமைப்போடு பொருத்தித் திருத்தினார். இன்று உலகெங்கும் போடப்படுவது பெரும்பாலும் அந்தத் திருத்தத்தின் வழிவந்த ஊசி. 1950களில் கம்யூனிஸ்ட் அரசு பழைய முறைகளைத் தொகுத்து, பாடத்திட்டம் வகுத்து, 1956இல் பீஜிங், ஷங்காய், குவாங்சூ, செங்தூ நகரங்களில் கல்லூரிகள் திறந்தது. மேலை மருத்துவர் போதாத நாட்டில் அது தேவைப்பட்ட முடிவு. 1968 முதல் ‘வெறுங்கால் வைத்தியர்’ என்று பெயர்பெற்ற கிராம ஊழியர்கள் சில மாதப் பயிற்சியோடு ஊசியும் மூலிகையும் தடுப்பூசியும் கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அவர்களை முன்னுதாரணமாகக் கொண்டு பேசிய 1978 அல்மா அட்டா மாநாட்டின் ஆரம்ப சுகாதாரக் கொள்கை இலங்கையையும் எட்டியது. எனினும் இங்கே குடும்பநல உத்தியோகத்தர் அதற்கு வெகுகாலம் முன்பே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

மேலைநாடுகளில் கதவைத் திறந்தது ஒரு குடல்வால் அறுவை. 1971 ஜூலையில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் பீஜிங்கில் அவசரமாக அறுவைக்கு உள்ளானார். அறுவை வழக்கமான மயக்க மருந்தோடுதான் நடந்தது. பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்கே ஊசி போட்டார்கள். அவர் எழுதிய கட்டுரை வாய்வழி மாறி மாறி, ஊசியால் மயக்கி அறுத்தார்கள் என்ற கதையாகிவிட்டது.

ஊசி எப்படிப் போடப்படுகிறது

வைத்தியர் முதலில் நாக்கை நீட்டச் சொல்லி நிறத்தையும் படிவையும் பார்க்கிறார். பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறார். சித்த வைத்தியத்திலும் மூன்று விரல்தான். ஆனால் அங்கே அவை வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றைப் பிடிக்கும், ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. சீன முறையில் ஒவ்வொரு விரலின் கீழும் ஒவ்வோர் உள்ளுறுப்பு.

புள்ளியைக் கண்டுபிடிக்கும் அளவு நோயாளியின் உடலிலேயே இருக்கிறது. அவருடைய பெருவிரல் அகலம் ஒரு சுன். வர்மத் தலங்களை நோயாளியின் விரற்கடையால் அளக்கும் நம் ஆசான்களுக்கு இது புதிதாக இராது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட மேட்டில் ஹெகூ. முழங்காற் சில்லுக்கு நான்கு விரல் கீழே, கணைக்கால் எலும்பின் வெளிப்புறம் ட்சூசான்லி. உள்மணிக்கட்டு மடிப்பிலிருந்து இரண்டு சுன் மேலே இரண்டு தசைநாண்களுக்கு நடுவே நெய்குவான். வாந்தி வராமலிருக்கப் பயணிகள் கட்டும் குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டி அழுத்துவது இந்தக் கடைசிப் புள்ளியைத்தான்.

ஊசி ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் தடிப்பு. மருந்து ஏற்றும் ஊசியைப் போல நடுவில் துவாரம் கிடையாது. ஸ்பிரிட் தடவிய தோலில் சிறு பிளாஸ்ரிக் குழாயை நிறுத்தி, அதற்கு மேலே துருத்தும் ஊசியின் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முனை உள்ளே போய்விடும். பலருக்கு எறும்பு கடித்த அளவுகூடத் தெரியாது. குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெல்லச் சுழற்றும்போது உளைவு, கனம், மரப்பு என்று ஏதோ ஒன்று பரவும். வைத்தியர் எதிர்பார்ப்பது அதைத்தான். இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டு வைப்பார்கள். சிலர் ஊசியின் பிடியில் மின்கம்பி கவ்வி மெல்லிய துடிப்பு கொடுப்பார்கள். சூடு காட்டுவது என்றால் மாசிபத்திரி இனத்து இலையைப் பஞ்சாக்கிச் சுருட்டாக உருட்டி, நுனியைக் கொளுத்தித் தோலுக்கு அருகே பிடிப்பது. அறை முழுக்கப் புகை மணக்கும்.

களுபோவில

இலங்கையில் குத்தூசியைப் பரப்பியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அது வைத்தியர் அன்ரன் ஜயசூரிய (1930–2005). வாதநோய் வைத்தியரான அவர் 1970களில் சீன முறையைக் கற்று வந்து, களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் குத்தூசி கிளினிக்கை நடத்தினார். அரச வைத்தியசாலை ஆகையால் நோயாளிக்குச் செலவில்லை. இடுப்புவலி, முழங்கால் தேய்வு, முகவாதம், ஒற்றைத் தலையிடி என்று கூட்டம் சேர்ந்தது. சில வாரப் பயிற்சிக்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரே மண்டபத்தில் வரிசையாக நோயாளிகள் இருக்க, கையைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் அவர்களுக்கு வேறெங்கும் இல்லை. அவர் எழுதிய குத்தூசிப் பாடநூல் இந்தியாவிலும் அச்சாகிப் பரவியது.

அவருடைய பெயரின் மறுபக்கமும் பதிவாக வேண்டியதே. அவர் நிறுவிய மெடிசினா அல்டர்நேட்டிவாவும் அதையொட்டிய ‘திறந்த சர்வதேசப் பல்கலைக்கழக’மும் உலக மாநாடுகளில் பட்டங்களை வாரி வழங்கின. இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் அவற்றுக்கு இல்லை. தமிழ்நாடு உட்பட இந்தியாவில் ‘டாக்டர்’ என்று பலகை மாட்டிய எத்தனையோ மாற்று வைத்தியர்களின் சுவரில் தொங்கியது கொழும்பிலிருந்து வந்த இந்தக் காகிதம்தான். கிளினிக்கில் வலி குறைந்து போன நோயாளியையும் இந்தப் பட்டங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கவும் கூடாது.

குத்தூசி இலங்கையிலேயே பிறந்தது என்ற கூற்றும் இதே வட்டத்தில் உலவியது. யானையின் உடலில் ‘நில’ எனப்படும் புள்ளிகளைக் குறித்த பழைய படங்களே அதற்குக் காட்டப்படும் சான்று. அந்தப் புள்ளிகள் உண்மை. பாகர்கள் அங்குசத்தால் அங்கே தொட்டு யானையை நடக்கவும் படுக்கவும் அடங்கவும் வைக்கிறார்கள். அது யானையை ஆளும் கலை. நோய் தீர்க்கும் ஊசிக்கு அதைச் சான்றாக்குவது இழுத்துப் பொருத்துவது.

இந்தியாவுக்கு ஊசி வேறு வழியில் வந்தது. 1938இல் சீனத்துக்குப் போன இந்திய மருத்துவத் தூதுக்குழுவின் ஐவருள் கோட்னிஸ் அங்கேயே இறந்தார். மற்றொருவரான பிஜய் குமார் பாசு 1958இல் மறுபடி சீனம் சென்று குத்தூசி கற்று, 1959இல் கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இலும் மகாராட்டிரம் 2015இலும் தனிச் சட்டம் இயற்றின. இந்திய நடுவண் அரசு 2019 பெப்ரவரியில் அதைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

சட்டத்தின் வாசல்

இலங்கையில் மரபு வைத்தியத்தை ஆள்வது 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றோடு, ஆசிய நாடுகளின் சொந்த மருத்துவ முறைகளில் அந்தந்த நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட எதுவும் அடங்கும் என்று அதன் வரைவிலக்கணம் விரிகிறது. சீன மருத்துவம் நுழைய இந்த வாசல் போதும். திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் சித்த மருத்துவப் பட்டப்படிப்பை நடத்துகிறது. யாழ்ப்பாணத்தில் அது 1984இலேயே தொடங்கியது. ஊர்ப்புறத்தில் பாம்புக்கடிக்கும் முறிவு நெரிவுக்கும் இன்றும் பரியாரியாரைத் தேடுபவர்கள் உண்டு. தொக்கணம், சுட்டிகை, அட்டை விடல், வர்மம் என்று சித்தத்தில் வெளிப்பிரயோகம் மட்டுமே 32 வகை. 108 வர்மத் தலங்களைக் கற்றவருக்குச் சீனப் புள்ளிகள் அன்னியமாகத் தோன்றுவதில்லை. அதனால் இரண்டையும் கலந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒத்த இடத்தில் ஒத்த புள்ளி இருப்பதால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று முடிவு கட்டுவது அவசரம். மனித உடலில் அழுத்தினால் உளையும் இடங்கள் எங்கும் ஏறத்தாழ அவையே.

சோதனைகள் சொன்னது

ஊசிக்குப் பலன் உண்டா என்று கேட்டால் விடை எதற்கு என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியில் 1,162 பேரை வைத்து நாரிவலிக்கு நடத்திய சோதனை 2007இல் வெளியானது. முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி போட்டுப் பாசாங்கு செய்தவர்களில் 44.2 விழுக்காடு. மருந்தும் உடற்பயிற்சியும் கொண்ட வழக்கமான சிகிச்சையில் 27.4 மட்டுமே. இதை ஊசிக்காரரும் காட்டலாம், ஐயப்படுவோரும் காட்டலாம். நோயாளிக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால் எந்தப் புள்ளி என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. தடம், புள்ளி, உயிர்ச்சக்தி என்று கட்டிய கோட்பாட்டுக்கு இந்த 3.4 விழுக்காட்டு வேறுபாடு நல்ல செய்தியன்று.

பின்னர் 39 சோதனைகளில் கலந்துகொண்ட 20,827 பேரின் தரவுகளைத் தனித்தனியே ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. நாள்பட்ட வலிக்கு மெய்யான ஊசி பாசாங்கு ஊசியைவிடச் சற்று மேல் என்றும், ஊசியே போடாததைவிடக் கணிசமாக மேல் என்றும் அது கண்டது. அறுவைக்குப் பிந்தைய குமட்டலுக்கு நெய்குவான் புள்ளி உதவுகிறது என்பதற்கும் நல்ல சான்று உண்டு. நீரிழிவு, புற்றுநோய், பிள்ளையின்மை, பக்கவாதம் என்று பலகையில் எழுதுவதற்கு அத்தகைய ஆதாரம் இல்லை.

அரசுகளும் தடுமாறின. ஜெர்மன் காப்புறுதி 2007 முதல் நாரிவலிக்கும் முழங்கால் வலிக்கும் பணம் தருகிறது. பிரித்தானிய வழிகாட்டல் நிறுவனம் 2009இல் நாரிவலிக்குப் பரிந்துரைத்ததை 2016இல் திரும்பப் பெற்றது. 2021இல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு மறுபடி ஏற்றது. அமெரிக்க முதியோர் காப்புறுதி 2020 முதல் நாரிவலிக்கு 90 நாளில் 12 தடவை அனுமதிக்கிறது. வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையாகி ஆயிரக்கணக்கானோர் சாகும் நாட்டில் அந்த முடிவுக்கு அரசியல் காரணமும் இருந்தது. வயலிலும் வள்ளத்திலும் நாரி ஒடிய வேலைசெய்து, வலிக்கு வலி டைக்ளோபெனாக் விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளும் கிழக்கு மாகாணத்தவருக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். பலன் அளவானதே என்றாலும் ஊசி சிறுநீரகத்தைத் தொடுவதில்லை.

காய்ச்சல் மாத்திரை

குளமும் காடும் சூழ்ந்த இந்தப் பகுதியில் மலேரியா தலைமுறை தலைமுறையாக இருந்த நோய். 1934–35 கொள்ளைநோயில் இலங்கை முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். டீ.டீ.ரீ தெளித்து 1963இல் நோயாளர் எண்ணிக்கை 17 ஆகக் குறைந்தது. தெளிப்பைத் தளர்த்தியதும் 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்குமே அதன் கோட்டை.

1960களில் வியட்நாம் காடுகளில் போர்வீரர்கள் குளோரோகுயினுக்கு மசியாத மலேரியாவால் சாய்ந்தார்கள். வட வியட்நாமுக்கு உதவச் சீனம் 1967 மே 23இல் ஓர் இரகசிய ஆய்வைத் தொடங்கியது. அந்தத் தேதியே அதன் பெயராகி 523 திட்டம் என்றார்கள். பீஜிங்கில் மரபு மருத்துவ ஆய்வகத்தில் இருந்த து யூயூ, பழைய சுவடிகளில் காய்ச்சலுக்குச் சொன்ன மூலிகைகளைச் சலித்தெடுத்தார். தமிழர் மாலையில் தொடுக்கும் மரிக்கொழுந்துக்கு உறவான சிங்ஹாவ் என்ற செடி ஒருமுறை நல்ல பலன் காட்டியது, மறுமுறை காட்டவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கே ஹுங் எழுதிய அவசரச் சிகிச்சைக் கையேட்டை மறுபடி படித்தபோது, அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது அவர் கண்ணில் பட்டது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் எலி மலேரியாவை அது முழுமையாக அடக்கியது. அடுத்த ஆண்டு அவரும் உடன் வேலை செய்தவர்களும் முதலில் தங்கள் உடலிலேயே அதைச் சோதித்தார்கள். ஆர்ட்டெமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இலங்கையில் மலேரியாவின் பெரும்பகுதி வைவாக்ஸ் வகையாக இருந்தது. அதற்கு குளோரோகுயினும் பிரைமாகுயினும் போதும். உயிரைப் பறிக்கும் பல்சிபாரம் வகைக்கே ஆர்ட்டெமிசினின் கூட்டு மாத்திரை 2000களின் பிற்பகுதியில் வந்தது. எனவே ஒழிப்பின் பெருமை முழுவதும் அதற்கு உரியதல்ல. வலை கொடுத்தவரும் வீட்டுச் சுவரில் மருந்தடித்தவரும் விரல் நுனியில் இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்தவரும் பங்காளிகள். போர் ஓய்ந்த பகுதிகளுக்கு மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் நடமாடும் கிளினிக்குகள் போயின. உள்நாட்டுத் தொற்றுச் சங்கிலியின் கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. இன்று வெளிநாட்டிலிருந்து பல்சிபாரத்தோடு வந்து இறங்குபவருக்கும் அந்த மாத்திரையே கொடுக்கப்படுகிறது.

அந்தச் செடியின் இலையைத் தேநீராக்கிக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்பதில்லை. மருந்தின் அளவு இலைக்கு இலை மாறும். அரைகுறை அளவு கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடும். சுவடி வழியைக் காட்டியது, மாத்திரையாக்கியது ஆய்வகம்.

சிறுநீரகத்தைத் தின்ற மூலிகை

சீன மூலிகையின் கெட்ட பெயர் பெல்ஜியத்தில் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிய மருந்து எடுத்த இளம்பெண்களின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. பாங்ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயரும் தோற்றமும் ஒத்த குவாங் பாங்ஜி கலந்துவிட்டது. இரண்டாவது செடி அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை நாராக்குகிறது. சிறுநீர்ப் பாதையில் புற்றையும் விளைவிக்கிறது. நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

தமிழ் வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே இனத்தவை. பாம்புக்கடிக்கும் வயிற்றுப் புழுவுக்கும் காய்ச்சலுக்கும் நம் வைத்தியம் அவற்றைச் சொல்கிறது. 1990களிலிருந்து இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சிப் பக்கம், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரக நோய் பரவியது. குச்சவெளிக்கு மேற்கே, திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் பதவி சிறிபுரவும் அதில் அகப்பட்டது. கிணற்றுநீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனம், வெயிலில் நீரின்றி உழைத்தல் என ஆராய்ந்த காரணங்களோடு அரிஸ்டோலோக்கியா சேர்ந்த கசாயமும் பட்டியலில் இருக்கிறது. எது முதற்காரணம் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்த ஒருவருக்கு அந்த இரண்டு செடிகளையும் கொடுப்பது எந்த மருத்துவ முறையின் பெயராலும் நியாயமாகாது.

கடலும் காடும் கொடுப்பது

சீன மருத்துவத்தோடு இந்தக் கரைக்கு இன்னொரு தொடர்பும் உண்டு, இது ஏற்றுமதி. கடலட்டையை அவித்துக் காயவைத்துப் பதப்படுத்தும் தொழிலை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் சீனர். திருகோணமலை, முல்லைத்தீவுக் கடலில் அட்டை பிடிக்கச் சுழியோடுகிறார்கள்; உருளையோடு ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு விரைந்து மேலே வந்து கைகால் விளங்காமல் போனவர்களின் கதை கரையோர வாடிகளில் புதிதல்ல. இங்குள்ளவர் அட்டையை வாயில் வைப்பதில்லை. சீனத்தில் அது விருந்துணவு, பலவீனத்துக்கு மருந்தும்கூட. கடற்குதிரை 2004 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. அழுங்கின் செதில் வணிகத்துக்கு முழுத் தடை 2017இல் நடைமுறைக்கு வந்தது. சீனமே 2020இல் தன் மருந்து நூலிலிருந்து அழுங்குச் செதிலை மூலப்பொருளாகச் சொல்வதை நீக்கியது.

ஆபத்தும் எல்லையும்

புத்தம்புதிய ஊசியைக் கற்றவர் கையால் போட்டால் ஆபத்து மிகக் குறைவு. பிரித்தானியாவில் 34,000 சிகிச்சைகளைக் கண்காணித்து 2001இல் வெளியான ஆய்வில் கடுமையான தீங்கு ஒன்றும் பதிவாகவில்லை. எனினும் மார்பிலும் தோள்மேட்டிலும் ஆழமாகக் குத்தி நுரையீரலில் ஓட்டை விழுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. ஊசியை மறுபடி பயன்படுத்தி மஞ்சட்காமாலை பி பரவியதும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு ஹெகூ முதலிய சில புள்ளிகளைச் சீன மரபே விலக்குகிறது.

ஊசியைவிடப் பெரிய ஆபத்து, ஊசியே போதும் என்ற பேச்சு. தமிழ்நாட்டில் ‘ஹீலர்’ என்ற அடைமொழியோடு வளர்ந்த ஒரு போக்கு மாத்திரை, தடுப்பூசி, பரிசோதனை எல்லாமே சதி என்றது. ஊசிகூட வேண்டாம், விரலால் தொட்டால் போதும் என்றது. 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஒரு தாய் இறந்தார். அடுத்த மாதமே வீட்டுப் பிரசவப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு விடுத்த ஒருவர் கோவையில் கைதானார். 2024 பெப்ரவரியில் திருவனந்தபுரத்தில் தாயும் சேயும் இறந்த வீட்டுப் பிரசவத்தில் குத்தூசி வைத்தியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். இலங்கையில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் வைத்தியசாலையில் நடக்கின்றன. அந்தக் காணொளிகள் தமிழில் இருப்பதால் அவை குச்சவெளிக்கும் மூதூருக்கும் கைத்தொலைபேசி வழியே தடையின்றி வருகின்றன. மார்புவலி, முகம் கோணிப் பேச்சுக் குழறல், பாம்புக்கடி, நிற்காத காய்ச்சல், பிரசவ வலி ஆகியவற்றுக்கு ஊசியும் இல்லை, புள்ளியும் இல்லை. 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்சில் ஏறுவதுதான்.

நோய்க் குறியீட்டில்

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 26ஆம் அத்தியாயம் சீனமும் அதன் அண்டை நாடுகளும் வழங்கும் மரபு நோய்ப்பெயர்களுக்கு முதன்முறையாகக் குறியீடு கொடுத்தது. 2024 ஜனவரியில் அதற்கு இரண்டாம் பகுதி வெளியிடப்பட்டது. ஆயுர்வேதம், யூனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவத்தின் வாத, பித்த, ஐய நோய்களும் அதில் இடம்பெற்றன. திருகோணமலையில் படித்து வெளிவரும் சித்த வைத்தியர் தம் கிளினிக் பதிவேட்டில் எழுதும் நோய்க்கு இனிச் சர்வதேச எண் உண்டு. எத்தனை பேர் எந்த நோய்க்கு வருகிறார்கள் என்று எண்ணுவதற்கே இந்தக் குறியீடு. சிகிச்சை பலிக்கும் என்ற சான்றிதழ் அல்ல என்று அந்நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. நோயைப் பதியும்போது நவீன மருத்துவ அத்தியாயங்களிலிருந்தும் ஒரு குறியீடு சேர்த்தே எழுத வேண்டும். இறப்புக்கான காரணத்தை இந்த அத்தியாயத்திலிருந்து எழுத அனுமதி இல்லை.